குறத்தி மேடையிலே! குடும்பம் நடைமேடையிலே!

தாம்பரத்தை அடுத்த ஒரு பள்ளியிலே ஆண்டு விழா. வண்ண விளக்குகள், வாழைமரம், ஒலிபெருக்கி, வந்தோரை வரவேற்கப் பன்னீர்ச் செம்பு, எல்லாம் முறைப்படி இருந்தன. மேடைக்கு ஒரு சிறுமி வந்தாள். ஒன்பது வயதிருக்கும். இடுப்பிலே கூடை, கையிலே மாத்திரைக்கோல், கழுத்து நிறையப் பாசிமணி, கொண்டையிலே இறகு. குறத்தி வேடம். மலைவளம் பாடினாள், நாட்டுவளம் பாடினாள், நயமாக ஆடினாள். பிறகு, யாரோ நன்றாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள், மேடையைவிட்டு இறங்கி வந்து தலைமை தாங்கிய பெரியவரின் கையைப் பற்றிக் குறியும் சொன்னாள். பட்டம் வரும், பதவி வரும், பேரன் அமெரிக்கா போவான் என்றாள். அரங்கம் அதிரக் கைத்தட்டல்!

பெரியவர் எழுந்தார். நெகிழ்ந்துபோயிருந்தார். குறவஞ்சி தமிழரின் கலைக் கருவூலம் என்றார். நாடோடிகளின் வாழ்க்கையிலேதான் நாட்டின் உயிர்த்துடிப்பு இருக்கிறது என்றார். இந்தச் செல்வத்தை அழியவிடலாமா, காப்பாற்ற வேண்டாமா என்று கேட்டார். வேண்டும், வேண்டும் என்று நானும் கைதட்டினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையிலே அதே பெரியவர் என் வீட்டு வாயிலில் நின்றார். எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் செயலாளரும் அவர்தாம். கையிலே ஒரு தாள். “எல்லாரும் போட்டாச்சு சார், நீங்கதான் பாக்கி,” என்றார். வாங்கிப் பார்த்தேன். மனு. “எமது பகுதியிலுள்ள காலி மனையில் தங்கியிருக்கும் நாடோடிக் கூட்டத்தை உடனடியாக அப்புறப்படுத்திப் பொதுமக்களின் அச்சத்தைப் போக்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறோம்.” கீழே நாற்பது கையெழுத்துகள்.

மேடையிலே வந்த குறத்தியைக் காப்பாற்ற வேண்டும். மனையிலே வந்த குறத்தியை அப்புறப்படுத்த வேண்டும்! ஒரே வாரத்திலே, ஒரே வாயிலே, இரண்டு தீர்ப்பு. அவரைப் பொய்யர் என்று நான் சொல்லமாட்டேன். அன்று மேடையிலே அவர் நெகிழ்ந்தது மெய். இன்று மனுவிலே அவர் அஞ்சுவதும் மெய். இரண்டும் எப்படி ஒரே நெஞ்சிலே குடியிருக்கின்றன என்பதே ஆராயத்தக்கது. படிக்கவும் எழுதவும் பழகியவன் கைக்குத் தாள் எது வந்தாலும் அதன் சொல்லைத்தான் முதலிலே பார்ப்பான். இம்மனுவையும் ஓர் இலக்கியமாகக் கருதி, நம் பழைய இலக்கியங்கள் இரண்டின் அருகே வைத்துப் பார்க்கலாமே என்று தோன்றிற்று.

‘கூட்டம்’ என்கிறது மனு. அந்த மனையிலே இருப்பவை ஐந்து குடும்பங்கள். தார்ப்பாய் கட்டிய மறைப்பு ஐந்து, நாய் மூன்று, சோறு வேகும் அடுப்பு நான்கு. ஐந்தாவது குடும்பத்துக்கு அடுப்பில்லை. அடுத்தவரிடம் வாங்கி உண்கிறார்கள். பகலிலே தாம்பரம் நிலையத்து நடைமேடை ஓரத்தில் அமர்ந்து பாசி கோக்கிறார்கள். வெள்ளிக்கிழமை வந்தால் பல்லாவரம் சந்தைக்குப் போகிறார்கள். நாம் நாலு பேர் வாழ்ந்தால் குடும்பம். அவர்கள் நாலு பேர் வாழ்ந்தால் கூட்டம். ‘அப்புறப்படுத்தி’ என்கிறது மனு. சாக்கடை அடைப்பை எடுக்கச் சொல்லிச் சென்ற மாதம் இதே சங்கம் எழுதிய மனுவிலும் இதே சொல்தான் இருந்தது. ‘பொதுமக்கள்’ என்கிறது. பொதுமக்களுக்குள் அவர்கள் சேர்த்தி இல்லை. பொதுமக்களை அச்சுறுத்துவோராக மட்டுமே அவர்களுக்கு அம்மனுவிலே இடமுண்டு.

சரி, யார் இவர்கள்? மேடைச் சிறுமி பாடிய குறவஞ்சியின் குறத்தியும், மனையிலே தார்ப்பாய் கட்டியவளும் ஒருத்திதானா? அல்லர்! ஊரார் அறியாத முதல் செய்தியே இதுதான். குறிஞ்சி நிலத்துக் குறவர் தமிழ் பேசும் மலைமக்கள். சிலப்பதிகாரத்தின் குன்றக் குரவையிலே கண்ணகியைக் கண்டவர்கள். முருகனுக்கு மணமுடிக்கப்பட்ட வள்ளி அவர்கள் வீட்டுப் பெண் என்பது கதை. நாம் நரிக்குறவர் என்றும் குருவிக்காரர் என்றும் அழைக்கும் இவர்களோ தம்மை ‘வாக்ரி’ என்று சொல்லிக்கொள்பவர்கள். இவர்கள் வீட்டிலே பேசும் வாக்ரிபோலி, குசராத்தி, மராத்தி முதலிய மொழிகளோடு உறவுடையது. வடமேற்கிலிருந்து நெடுந்தொலைவு நடந்து, தலைமுறை தலைமுறையாகத் தமிழகத்திலே வாழ்ந்து, தமிழும் தெலுங்கும் கற்று, நரியும் குருவியும் வேட்டையாடி வந்தவர்கள். அவர்கள் பிடித்த நரியையும் குருவியையும் வைத்து நாம் இட்ட பெயர்களே இவை. 1909-இல் வெளிவந்த தர்ஸ்டனின் பெருந்தொகுதிகளிலே குருவிக்காரர் பற்றிய குறிப்பு உண்டு. நம் காலத்திலே கரசூர் பத்மபாரதி அவர்களோடு பழகி எழுதிய ‘நரிக்குறவர் இனவரைவியல்’ தமிழிலேயே கிடைக்கிறது. ஆனால் எங்கள் பகுதியிலே நாற்பது கையெழுத்துப் போட்ட நாற்பது பேரிலே, அம்மக்கள் தமக்குள் பேசுவது என்ன மொழி என்று கேட்டறிந்தவர் ஒருவருமில்லை. “ஏதோ கத்துவாங்க சார்” என்பதோடு மொழியாராய்ச்சி முடிந்துவிட்டது.

இங்கே ஒரு நண்பர் என்னை மடக்கினார். “வடக்கிலிருந்து வந்த மொழி பேசுகிறார்கள் என்கிறீரே, தமிழ்ப்பற்றுள்ள நீர் அவர்களுக்காக வாதாடலாமா?” என்றார். நல்ல கேள்வி. பிறப்பைக் காட்டி உயர்ந்தவன் நான் என்று வந்தவனைத்தான் இந்நாடு எதிர்த்தது. மூட்டையும் முடிச்சுமாய் வந்து, ‘சாமி’ என்று நம்மை அழைத்து, ஊசி வாங்கிக்கொள் என்று கெஞ்சியவனை அல்ல. யாரைக் கண்டாலும் சாமி என்று அழைக்கும் நிலைக்கு ஒரு மக்களைத் தாழ்த்திவிட்டு, அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று ஊர் விசாரிப்பதுதான் வேடிக்கை.

குறவஞ்சிக்கு வருவோம். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டிலே பாடிய திருக்குற்றாலக் குறவஞ்சியைச் சுவைக்காத தமிழர் இல்லை, நானும் சுவைப்பவனே. வசந்தவல்லி காதல் நோயால் வாடுகிறாள், குறத்தி சிங்கி வருகிறாள், வரவேற்கப்படுகிறாள், குறி சொல்கிறாள், பரிசு பெறுகிறாள், போய்விடுகிறாள். ‘போய்விடுகிறாள்’ என்பதைக் கவனியுங்கள். அவள் இரவு எங்கே படுத்தாள் என்பது வசந்தவல்லிக்கும் தெரியாது, கவிராயருக்கும் கவலையில்லை. மாளிகைக்குள் வரும்வரை அவள் சுவை. வாயிலைத் தாண்டியபின் அவள் நூலுக்கு வெளியே. தலைவியின் காதலை நிறைவேற்றத்தான் குறத்தி. குறத்திக்கென்று ஒரு துன்பம் அந்நூலிலே இல்லை.

ஆனால் அதே நூலிலே ஓர் இடம் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடும். மனைவியைக் காணாமல் தேடி அலைந்த சிங்கன் கடைசியிலே அவளைக் காண்கிறான். காலிலும் கையிலும் கழுத்திலும் அணிகள் மின்னுகின்றன. அவனுக்குத் திகைப்பு. இது என்ன, அது என்ன, எங்கே கிடைத்தது, யார் கொடுத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறான். குறி சொல்லிப் பெற்ற பரிசு இது, இன்ன ஊரிலே தந்தது அது என்று அவள் விடை சொல்கிறாள். அவையோர் சிரிப்பதற்காக அமைத்த காட்சி. நகைச்சுவை நன்றாகவே இருக்கிறது. அதன் அடியிலே கிடக்கும் எண்ணம் என்ன? ஏழைக் குறத்தியின் உடம்பிலே பொன் மின்னினால், அது எப்படி வந்தது என்று கணக்குக் காட்டியாக வேண்டும்! வசந்தவல்லியின் நகைக்கு யாரும் கணக்குக் கேட்கவில்லை.

கணவன் கேட்டபோது அது பாட்டு. காவலர் கேட்டபோது அது சட்டம். 1871-இல் வெள்ளையர் ஆட்சி குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது; 1911-இலே அது சென்னை மாகாணத்துக்கும் வந்து சேர்ந்தது. குறவர் உள்ளிட்ட பல இனத்தார் பிறந்த குற்றத்துக்காகவே கைரேகை வைத்தனர். ஊர்விட்டு ஊர் செல்ல ஒப்புதல் கேட்டு நின்றனர். தென்னார்க்காட்டு அஜீஸ் நகர் போன்ற குடியிருப்புகளிலே அடைக்கப்பட்டனர். கைரேகை வைக்க மறுத்ததற்காக, 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் பெருங்காமநல்லூரிலே கள்ளர் குலத்தார் துப்பாக்கிக்கு இரையானதை நாடறியும். 1947-இலே சென்னை மாகாணத்திலும், 1952-இலே நாடு முழுவதிலும் அச்சட்டம் நீங்கிற்று. சட்டப் புத்தகத்திலிருந்து நீங்கியது குடியிருப்போர் சங்கத்தின் நெஞ்சிலிருந்து நீங்கவில்லை. எங்கள் தெருவிலே ஒரு வீட்டில் தண்ணீர்க் குழாயின் பித்தளைத் திருகு காணாமற்போனது. உடனே எல்லாக் கண்களும் அந்த மனைப்பக்கம் திரும்பின. பத்து நாள் கழித்து அது அதே வீட்டுக் கொல்லையிலே, வாளிக்கடியிலே கிடைத்தது. திரும்பிய கண்கள் திரும்பிய இடத்திலேயே நிற்கின்றன.

குறவஞ்சி மேடையைவிட்டு இறங்கவேயில்லை. 1944-இலே ருக்மிணி தேவி கலாக்ஷேத்திரத்திலே குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக்கினார். அந்தக் கலாக்ஷேத்திரம் இன்று நம் தென்சென்னையிலே, திருவான்மியூரிலே இருக்கிறது. திரைக்கு வந்தாலோ, 1968-இல் வெளியான ‘ஒளிவிளக்கு’ படத்திலே எம்.ஜி.ஆரே நரிக்குறவர் வேடமிட்டு ஆடினார், கொட்டகை குலுங்கிற்று. ஊர்த் திருவிழாவிலோ குறவன் குறத்தி ஆட்டம் என்ற பெயரிலே ஆபாசக் கூத்து. குறவர் மக்கள் மானமுள்ளவர்களாய் எதிர்த்தார்கள், நீதிமன்றம் சென்றார்கள், 2023-இலே உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாறு இழிவுபடுத்தும் ஆட்டங்களுக்குத் தடையிட்டது. வேடம் கட்டுவோர், வேடத்துக்குரியவரைக் கேட்டுக் கட்டியதாக வரலாறு இல்லை.

நல்லெண்ணம் உடையவர்களுக்கும் இந்தக் கண்நோய் உண்டு என்பதற்கு ஒரு சான்று. 2021-இலே ‘ஜெய் பீம்’ படம் வந்தது. காவல் நிலையக் கொடுமையை நெஞ்சிலே அறைந்தாற்போலக் காட்டிய படம், நான் பாராட்டுகிறேன். படத்திலே வரும் குடும்பம் இருளர் குடும்பம். 1993-இலே கடலூர்ப் பக்கத்து முதனையிலே நடந்த உண்மை நிகழ்ச்சியிலே, காவலில் உயிரிழந்தவர் குறவர். கதைக்காக மாற்றினார்கள் என்பார்கள். கதையிலே மாற்றலாம்தான். எனினும், ஆட்டத்துக்கு அழைக்கும்போது குறவர் பெயர், அழவேண்டிய இடத்திலே வேறு பெயர் என்று ஆனது எப்படி என்று அம்மக்கள் கேட்டபோது, அந்தக் கேள்வியிலே நியாயம் இருந்தது.

இனி இரண்டாவது இலக்கியம். சங்க காலத்திலே ஊர் ஊராய் அலைந்தவர் இல்லையா? இருந்தனர்; பாணர், கூத்தர், பொருநர், விறலியர். யாழைச் சுமந்துகொண்டு, மனைவி மக்களோடு, நாளைய சோறு எங்கே என்று அறியாமல் நடந்தவர்கள். அவர்களுக்கு வழிசொல்வதற்கென்றே ஓர் இலக்கிய வகை படைத்தது தமிழ்: ஆற்றுப்படை! அதிலே சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் இடைக்கழி நாட்டவர். நம் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடற்கரைக்காரர். பாட்டுடைத் தலைவன் நல்லியக்கோடனின் கிடங்கில், இன்றைய திண்டிவனம். தாம்பரத்திலிருந்து தெற்கே ஜி.எஸ்.டி. சாலையிலே சென்றால் அவன் நாட்டுக்குத்தான் போய்ச் சேருவோம்.

அப்பாட்டு என்ன சொல்கிறது? பாணன் குடும்பம் வரும் வழியிலே ஊரார் என்ன செய்தார்கள் என்று சொல்கிறது. எயிற்பட்டினத்துப் பரதவர் கள்ளும் உலர்ந்த மீனும் கொடுத்தனர். வேலூரிலே எயிற்றியர் புளிச்சோறும் காட்டுப் பசுவின் இறைச்சியும் இட்டனர். ஆமூர் உழவர் வெண்சோறும் நண்டுக் கறியும் படைத்தனர். பிறகுதான் அரசன் வருகிறான். தானே நின்று பரிமாறுகிறான். அரசனுடைய கொடையைப் பாடுவதே புலவர் நோக்கம், ஆகவே மிகைப்படுத்தியிருப்பார் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். அரசனைப் புகழ்வதற்காகப் பாடிய பாட்டிலே, கடற்கரைக் குடிசையும் உழவர் வீடும் எதற்காக இடம்பெற்றன? நாடு நல்ல நாடு என்று காட்ட வேண்டுமானால், அலைந்து வருபவனை அந்நாட்டு ஊரார் எப்படி நடத்தினார்கள் என்று காட்ட வேண்டும் என்பது புலவரின் கணக்கு. அரண்மனையை மட்டும் காட்டினால் போதாது என்று அவர் நினைத்திருக்கிறார்.

இன்னொன்றும் அப்பாட்டிலே உண்டு. பரிசு பெறுமுன் பாணனுடைய வீடு எப்படி இருந்தது என்ற காட்சி. அடுப்பு எரியாத அட்டில். குட்டி போட்ட நாய், பால் வற்றிக் குரைக்கிறது. பசியால் இளைத்த மனைவி குப்பைமேட்டிலே முளைத்த வேளைக்கீரையைக் கிள்ளி, உப்புக்கூட இல்லாமல் வேகவைக்கிறாள். உண்பதற்கு முன் என்ன செய்கிறாள்? வாயிற்கதவைச் சாத்துகிறாள். இந்த இழிநிலையைப் பிறர் கண்டுவிடுவரே என்ற வெட்கம்! தமிழ் இலக்கியத்திலே வறுமையைப் பாடியவர் பலர். வறுமைக்கும் மானம் உண்டு, அம்மானத்துக்கு ஒரு கதவு வேண்டும் என்று கண்டவர் நத்தத்தனார்.

எங்கள் பகுதிக் காலிமனையிலே கதவு இல்லை. மூன்று பக்கம் மாடிவீடுகள். ஒவ்வொரு மாடியிலிருந்தும் அந்த அடுப்பு தெரிகிறது, அதிலே என்ன வேகிறது என்பது தெரிகிறது, கணவன் மனைவி சண்டை தெரிகிறது, குழந்தைக்குப் பால் கொடுப்பது தெரிகிறது. பார்ப்பவர்கள் நாம். பிறகு, “வெட்கமில்லாத சாதி சார்” என்று சொல்பவர்களும் நாமே. கதவைச் சாத்திக்கொண்டு உண்பவர்கள், கதவில்லாதவளைப் பார்த்து வெட்கமில்லை என்கிறார்கள்!

மனுவிலே எழுதாத குறைகளையும் பெரியவர் வாயால் சொன்னார். அவற்றைத் தள்ளிவிட எனக்கு விருப்பமில்லை. அசுத்தம் செய்கிறார்கள் என்றார். உண்மை, செய்கிறார்கள். குழாய் இல்லை, கழிப்பிடம் இல்லை. நிலையத்துக் கட்டணக் கழிப்பிடத்துக்கு ஐந்து குடும்பமும் நாளைக்கு எத்தனை முறை காசு கொடுக்கும்? குடிக்கிறார்கள் என்றார். அதுவும் உண்மை, கடையை அவர்கள் திறக்கவில்லை, வரிசையிலே அவர்களுக்கு முன்னால் நிற்பவர் யார் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. குழந்தைகளைப் பிச்சைக்கு அனுப்புகிறார்கள் என்றார். இதிலே நான் பெரியவர் பக்கம். அக்குழந்தைகள் இருக்க வேண்டிய இடம் பள்ளி. எருமை பலி, ஆடு பலி என்று பிரிந்து, சாமி மூட்டையைக் காத்துக்கொண்டு, சிறுவயதிலேயே மணம் முடித்து வைக்கும் பழக்கங்களையும் நான் மூடி மறைக்கமாட்டேன். மூடநம்பிக்கை மாளிகையிலே இருந்தாலும் மூடநம்பிக்கை. தார்ப்பாயிலே இருந்தாலும் மூடநம்பிக்கை. ஆனால் மூடநம்பிக்கை உடையோரை ஊரைவிட்டு அகற்றுவது என்று தொடங்கினால், முதலிலே காலியாகப் போவது அந்த மனை அல்ல.

“உழைத்துப் பிழைக்கக் கூடாதா?” என்றார். 1972-இலே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேண்டிய சட்டம், காடும் உயிர்களும் காக்கப்பட வேண்டியவையே. அந்நாள்வரை வேட்டையே தொழிலாய் இருந்தவர்களுக்கு வேறு தொழில் என்ன என்று கேட்பாரில்லை. நரி பிடித்தால் சிறை. பாசி விற்க உட்கார்ந்தால், எழுந்திரு என்கிறார்கள். கையை நீட்டினால் சோம்பேறி. பாசி கோப்பது உழைப்பில்லை என்று சொல்பவர், ஒரு நாள் முழுதும் குனிந்திருந்து நூறு மணியைக் கம்பியிலே முறுக்கிப் பார்க்கட்டும். அன்று மேடையிலே ஆடிய சிறுமியின் கழுத்திலிருந்த மாலைகள், அந்த நடைமேடையிலே வாங்கியவை. தமிழாசிரியை அம்மையார் பேரம் பேசியதை நான் நேரிலே கண்டேன்.

கடைசியாகப் பெரியவர் ஓர் அம்பு விட்டார்: “இது நம்ம ஊர் சார். எங்கிருந்தோ வந்தவங்க...” முடிக்கவில்லை. நான் அவரைக் கேட்டேன்: “ஐயா, தங்களுக்குச் சொந்த ஊர்?” “மாயவரம் பக்கம்,” என்றார். நான் வந்தது நெல்லைச் சீமையிலிருந்து. பக்கத்து வீட்டார் நெல்லூர்க்காரர். எங்கள் தெருவிலே மூன்று தலைமுறையாகத் தாம்பரத்துக்காரர் என்று ஒருவரைக் காட்டச் சொல்லுங்கள் பார்க்கலாம்! 1931-இலே கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியது, 1937-இலே கிறித்தவக் கல்லூரி இங்கே வந்தது, தோல் தொழிற்சாலையின் பெயரால் குரோம்பேட்டை எழுந்தது, விமானப்படை வந்தது, கணினி அலுவலகங்கள் வந்தன. வந்தார், வந்தார், வந்துகொண்டேயிருந்தார் மக்கள். வந்தவர்கள் எங்கே தங்கினார்கள்? வயலிலே தங்கினோம். வயல் முடிந்ததும் ஏரிக்குள்ளே இறங்கினோம். பல்லாவரத்துப் பெரிய ஏரியை இரண்டாகப் பிளந்து துரைப்பாக்கம் சாலை போகிறது. 2022-இலே உலகச் சிறப்புடைய ஈரநிலமென்று ராம்சார் பட்டியலில் ஏறிய பள்ளிக்கரணைச் சதுப்பின் ஒரு பகுதி பெருங்குடிக் குப்பைமேடு. ஏரியிலே பத்து நாள் தார்ப்பாய் கட்டியவன் நாடோடி. அதே ஏரியிலே பத்தடுக்கு மாடி கட்டியவன் பொதுமக்கள்.

ஏரி மறக்கவில்லை. 2015 டிசம்பரிலே அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராசபுரமும் மிதந்தபோது, பொதுமக்களைப் படகிலே ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடங்களிலும் திருமண மண்டபங்களிலும், மூட்டையும் முடிச்சுமாய், குழந்தையும் குட்டியுமாய், தரையிலே பாய் விரித்து, பொட்டலச் சோற்றுக்குக் கைநீட்டி நாம் தங்கினோம். எந்தத் தெருவும் நம்மை அப்புறப்படுத்த மனு எழுதவில்லை.

இந்த நோய் நமக்கு மட்டும் உரியதன்று. அயர்லாந்திலும் இங்கிலாந்திலும் ‘டிராவலர்’ என்னும் நாடோடி மக்கள் உண்டு. வண்டி வீடுகளிலே ஊர் ஊராய்ச் செல்பவர்கள். எங்கள் ஊரிலே தங்காதே என்று அங்கேயும் ஊரார் கூடுகிறார்கள், மனு எழுதுகிறார்கள். 1968-இலே இங்கிலாந்து ஒரு சட்டம் செய்தது: அவர்கள் வண்டிகளை நிறுத்த உள்ளாட்சி மன்றங்கள் இடம் அமைத்துத் தர வேண்டும் என்று. 1994-இலே அந்தக் கடமையை நீக்கிற்று. 2022-இலே, அனுமதியின்றி வண்டியோடு தங்குவதையே குற்றமாக்க வழிசெய்தது. இடம் தருவது என் வேலை இல்லை, இடமில்லாமல் இருப்பது உன் குற்றம் என்று ஆயிற்று! அயர்லாந்து 2017-இலே டிராவலர்களைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. பெயரை ஏற்பது ஒன்று, பக்கத்து மனையிலே ஏற்பது வேறொன்று என்பது அங்கும் இங்கும் ஒன்றே.

நம் நாட்டிலும் பெயரை ஏற்றாயிற்று. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலிலே சேர்க்கலாமென்று 1965-இலேயே லோகூர் குழு பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் சேர்த்தது 2022 டிசம்பரிலே. ஐம்பத்தேழு ஆண்டு! நல வாரியம் 2008-இலே அமைந்தது. திருச்சிக்கருகே தேவராயனேரியிலே குடியிருப்பும் பள்ளியும் உண்டு, அப்பிள்ளைகள் படிக்கிறார்கள். 2021 அக்டோபரிலே, மாமல்லபுரத்துக் கோயில் அன்னதானப் பந்தியிலே உட்காரவிடாமல் தன்னை விரட்டினார்கள் என்று பூஞ்சேரியைச் சேர்ந்த நரிக்குறவப் பெண் ஒருத்தி உரத்துக் கேட்டாள். அந்தக் குரல் நாடெங்கும் பரவிற்று. அமைச்சர் சென்று அவளோடு அமர்ந்து உண்டார். முதலமைச்சர் நவம்பர் 4-ஆம் நாள் பூஞ்சேரிக்கே சென்று பட்டாவும் சான்றிதழும் வழங்கினார். பாராட்டுவோம். ஆனால் ஒன்று: பந்தியிலே பக்கத்து இலையில் உட்கார மறுத்தவர்கள் பற்றிச் சட்டம் என்ன செய்யும்? 2023 மார்ச் 30-ஆம் நாள் கோயம்பேட்டிலே, ‘பத்து தல’ படத்துக்குச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்த நரிக்குறவர் குடும்பத்தைத் திரையரங்க வாயிலிலே நிறுத்தினார்களே, அப்போது அவர்கள் பட்டியலிலே சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. கையிலே சீட்டு இருந்தது, சட்டத்திலே இடம் இருந்தது, வாயிலிலே வழியில்லை. அவர்கள் வேடத்திலே எம்.ஜி.ஆர். ஆடியபோது திறந்த கொட்டகைக் கதவு!

இடமில்லை என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். பூங்கா நகரிலே விலங்குகளுக்கு இடம் போதவில்லை என்று, வண்டலூரிலே ஏறத்தாழ 510 ஹெக்டேர் காட்டை ஒதுக்கி, 1985-இலே பெரும் உயிரியல் பூங்காவைத் திறந்தது அரசு. 2023 இறுதியிலே கிளாம்பாக்கத்திலே பேருந்து நிலையம் எழுந்தது. நாள்தோறும் வந்து போவோருக்கு நிழலும் நீரும் கழிப்பிடமும் அங்கே உண்டு. வந்து போவோருக்கு வசதி செய்வது எப்படி என்பது இந்நகருக்கு நன்றாகவே தெரியும். 2021-இலே தாம்பரம் மாநகராட்சி ஆயிற்று; பல்லாவரமும் பம்மலும் அனகாபுத்தூரும் செம்பாக்கமும் அதிலே சேர்ந்தன. நிரந்தரமாகத் தங்க விரும்பும் குடும்பத்துக்குச் சந்தைக்கும் நிலையத்துக்கும் எட்டும் தொலைவிலே பட்டா. ஊர் ஊராய்ப் போகும் குடும்பத்துக்கு, குழாயும் கழிப்பிடமும் உள்ள ஒரு தங்குமிடம். இதற்கு எத்தனை மனை வேண்டும்? தொழிலைப் பற்றி எண்ணாமல் இருபது கல் தொலைவிலே வீடு கட்டிக் கொடுத்துவிட்டு, “கொடுத்தாலும் இருக்கமாட்டேன் என்கிறார்கள்” என்று சொல்வது பழைய தந்திரம்.

பெரியவரிடம் இவ்வளவும் சொன்னேன். குறவஞ்சியைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். வேளைக்கீரையைப் பற்றிச் சொன்னபோது சிரிக்கவில்லை. “அப்ப கையெழுத்துப் போடமாட்டீங்க?” என்று மட்டும் கேட்டார். “போடுகிறேன்,” என்று தாளை வாங்கித் திருப்பினேன். பின்பக்கத்திலே, எங்கள் பகுதிக் காலிமனையிலே தங்கியுள்ள ஐந்து குடும்பங்களுக்கு ஒரு குடிநீர்க் குழாயும், ஒரு கழிப்பிடமும், மாற்றிடம் கிடைக்கும்வரை அங்கேயே இருக்க ஒப்புதலும், பிள்ளைகளுக்குப் பள்ளியிலே இடமும் வேண்டுமென்று எழுதி, கீழே கையெழுத்திட்டேன்.

அவர் தாளை மடித்துச் சட்டைப் பையிலே வைத்துக்கொண்டு போய்விட்டார். கிழித்திருப்பார் என்றே எண்ணினேன். நான்கு நாள் கழித்து அதே தாள் என் வீட்டுக்குத் திரும்ப வந்தது. கொண்டுவந்தவன் அவருடைய பேரன். முன்பக்கத்திலே நாற்பது கையெழுத்துகள் அப்படியே இருந்தன. பின்பக்கத்திலே என் பெயருக்குக் கீழே ஏழு பெயர்கள். நான்காவதாக இருந்தது தமிழாசிரியை அம்மையாரின் பெயர். பெரியவர் பெயர் அந்தப் பக்கத்திலே இன்னும் இல்லை.